ஜே.ஆர்.எஃப். பணம் ஆய்வுக்கு என்ன செய்யும்?

கேள்வி கேட்டவர் விருதுநகர் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். எம்.ஏ. வரலாறு முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கியிருக்கிறார், அதாவது பிஎச்.டி. ஆய்வு செய்ய மாதாமாதம் கிடைக்கும் உதவித்தொகை. வீட்டில் "இன்னும் எத்தனை வருஷம் படிப்பு?" என்கிறார்களாம், கல்யாணப் பேச்சும் ஓடுகிறதாம். இந்த உதவித்தொகை ஆய்வுக்கு உண்மையிலேயே எப்படி உதவும், அதில் வாழ்ந்துகொண்டு வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் வாழ்த்துகள். நான் பிஎச்.டி.யின் முதல் ஒன்றரை ஆண்டை உதவித்தொகை இல்லாமல் ஓட்டினேன், மீதியை ஜே.ஆர்.எஃப்.போடு முடித்தேன். இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், சில மாணவர்களுக்கு நெறியாளராகவும் இருக்கிறேன். பணம் வாங்குகிற பக்கமும் தெரியும், மாதாமாதம் கையெழுத்துப் போடுகிற பக்கமும் தெரியும்.

தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன், வீட்டில் கேட்பது அதைத்தான். 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கணக்குப்படி ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். என்ற அடுத்த நிலைக்கு உயர்ந்தால் 42,000. அது மூன்று ஆண்டு வரை. மொத்தம் அதிகபட்சம் ஐந்து ஆண்டு. இதற்கு மேல் வீட்டு வாடகைப்படி உண்டு, மத்திய அரசு ஊழியர்களுக்கு ஊர் பிரித்திருப்பதைப் போலவே. சென்னைக்கு ஒரு விகிதம், மதுரை, கோவை, திருச்சிக்கு அதைவிடக் குறைவாக ஒன்று, சின்ன ஊர்களுக்கு இன்னும் குறைவாக ஒன்று. பல்கலைக்கழக விடுதியில் தங்கினால் வாடகைப்படி கிடையாது. அப்புறம் கன்டின்ஜென்சி என்று ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு ஒரு தொகை. உங்களைப் போல வரலாறு, மொழி, சமூக அறிவியல் படிப்பவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டு தலா 10,000, அதன் பிறகு ஆண்டுக்கு 20,500. அறிவியல் பாடங்களுக்கு 12,000, பிறகு 25,000. கல்விக்கான உதவித்தொகை என்பதால் வருமான வரி பிடிப்பதில்லை.

இதை எதனோடு ஒப்பிடுவது? தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000, அதுவும் ஆண்டுக்கு 11 மாதம்தான். சுயநிதிக் கல்லூரிகளில் இதைவிடக் குறைவாக வாங்குகிறவர்கள் ஏராளம். ஆக, உங்கள் அப்பா "வேலைக்குப் போ" என்று சொல்லும்போது மனதில் நினைக்கும் கல்லூரி வேலையைவிட, படிக்கும்போதே அதிகம் வாங்கப்போகிறீர்கள். இதை அவரிடம் நேராகவே சொல்லலாம். அவருக்குப் புரியும் கணக்கு இது.

சரி, ஆய்வுக்கு என்ன செய்யும்? என் கதையைச் சொன்னால் விளங்கும்.

நான் 2011இல் பகுதிநேர ஆய்வாளனாகப் பதிந்தேன். பகலில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேலை. தலைப்பு ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கக் கண்மாய்கள்: யார் தூர் வாரினார்கள், தண்ணீர்ப் பங்கு எப்படிப் பிரிந்தது, ஜமீன் காலத்தில் தகராறுகள் எப்படித் தீர்ந்தன. இதற்கான காகிதங்கள் பெரும்பாலும் சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே அந்தச் சிவப்புக் கட்டடம். மதுரையில் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை எழும்பூர். நிலையத்திலேயே பல் தேய்த்து, காப்பி குடித்து, திறக்கும் வரை வெளியே நிற்பேன். மாதம் ஒரு நாள் லீவு போட்டுத்தான் இந்தப் பயணம்.

ஆவணக் காப்பகத்தில் ஒரு நாளில் எதுவும் நடக்காது. அட்டவணையைப் பார்த்து, எண் குறித்து, சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். உள்ளே போய்த் தேடி எடுத்து வருவார்கள். சில காகிதக் கட்டு மதியம் வரும், சில மறுநாள் வரும், சிலவற்றுக்கு "காகிதம் நொறுங்கிவிட்டது, தர முடியாது" என்று சீட்டு திரும்பி வரும். மதியம் வந்த கட்டைப் பிரித்து, அந்தக் காலக் கையெழுத்துக்குக் கண் பழகும் முன் மூடும் நேரம் வந்துவிடும். ராத்திரி மறுபடி ரயில். காலையில் முதல் பீரியட். ஒன்றரை ஆண்டில் இப்படிப் பதினான்கு தடவை போயிருப்பேன். கையில் சேர்ந்தது ஒரு நோட்டில் பாதி.

2013இல் ஜே.ஆர்.எஃப். வந்தது. அன்றைய தொகை 16,000. வேலையை விட்டேன், முழுநேரமாக மாற்றிக்கொண்டேன். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் கட்டில் பிடித்து நாற்பது நாள் தங்கினேன். முதல் வாரம் முழுக்க வருவாய் வாரிய நடவடிக்கைகளின் அட்டவணையை மட்டும் புரட்டினேன், ஒரு கட்டுகூடக் கேட்கவில்லை. பகுதிநேரமாக இருந்தபோது இதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. வந்த ஒரு நாளில் அட்டவணை பார்த்தால் கட்டு எப்போது பார்ப்பது? பதினேழாம் நாளோ பதினெட்டாம் நாளோ, நான் கேட்காத ஒரு கட்டு தவறி வந்தது. திருப்பிக் கொடுக்கும் முன் சும்மா பிரித்தேன். நடுவில் ஒரு மனு. ஒரு கண்மாயின் கீழ்மடைக்காரர்கள் மேல்மடைக்காரர்கள் மேல் எழுதியது. மடையில் வைத்த கல்லை ராவோடு ராவாக இரண்டு விரற்கடை தாழ்த்திவிட்டார்கள் என்று புகார். கீழே வரிசையாகக் கைநாட்டு. என் தீசிஸின் நான்காம் இயல் முழுக்க அந்த இரண்டு விரற்கடையிலிருந்து கிளம்பியதுதான்.

ஜே.ஆர்.எஃப். எனக்கு வாங்கிக் கொடுத்தது அந்தப் பதினேழாம் நாளை. புத்தகம், ஜெராக்ஸ், லேப்டாப் எல்லாம் எப்படியாவது தேற்றிவிடலாம், கைமாற்று வாங்கியாவது வாங்கிவிடலாம். தொடர்ச்சியாக ஓரிடத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, நாளைக்கும் வருவோம் என்று சொல்லக்கூடிய நிலை இருக்கிறதே, அதைக் கைமாற்றில் வாங்க முடியாது. வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. முடித்த எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஏற்கெனவே அச்சில் இருப்பதை வைத்து எழுதும்படி நேரமே அவர்களைத் தள்ளுகிறது. தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே "இது லீவு போடாமல் முடியுமா" என்ற கேள்வி உள்ளே புகுந்துவிடுகிறது.

அறிவியல் பக்கம் கதை கொஞ்சம் வேறு. என்னோடு விடுதியில் இருந்த வேதியியல் நண்பர் ஒருவருக்கு, தன் துறையிலேயே இருக்கும் கருவியில் செய்ய முடியாத சோதனைகள் நிறைய. மாதிரிகளைக் குட்டிக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, பஞ்சு சுற்றி, பெயர் எழுதி, சென்னை ஐ.ஐ.டி.யின் உயர்தரக் கருவி மையத்துக்கு அனுப்புவார். ஒரு மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம். முடிவு சரியாக வராவிட்டால் திரும்ப அனுப்ப வேண்டும், திரும்பவும் கட்டணம். அவருடைய கன்டின்ஜென்சி ஆண்டின் நடுவிலேயே தீர்ந்துவிடும். அதன் பிறகு நெறியாளருக்கு ஏதாவது ப்ராஜெக்ட் இருந்தால் பிழைத்தார், இல்லையென்றால் மாத உதவித்தொகையிலிருந்துதான் போகும். அறிவியலில் ஆய்வாளரின் உதவித்தொகை என்பது சாப்பாட்டுக்கு. ஆய்வுச் செலவு நெறியாளர் வாங்கும் திட்ட நிதியிலிருந்துதான் வர வேண்டும். அது இல்லாத துறையில் சேர்ந்தால் 37,000 கையில் இருந்தும் ரசாயனம் இல்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தங்கையோ தோழியோ அறிவியலில் இருந்தால் சொல்லி வையுங்கள்.

உங்களுக்கு இருக்கப்போகும் சிக்கல் பில். கன்டின்ஜென்சிப் பணத்தைப் புத்தகம், நகல், தட்டச்சு, களப்பணிப் பயணம் இப்படிச் செலவழிக்கலாம். மேஜை நாற்காலி வாங்கக் கூடாது. எதற்கும் ரசீது வேண்டும். பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவில் அதைப் பார்க்கிறவர் பெரும்பாலும் களப்பணிக்குப் போய்ப் பார்த்தவராக இருக்க மாட்டார். நான் ஒரு கண்மாய்க்கரை ஊரில் நீர்ப்பாய்ச்சி ஒருவரைத் தேடிப் போனேன். மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுவது பரம்பரையாக அவர்கள் வேலை. மினி பஸ்ஸில் இறங்கி, அதற்கு மேல் ஒருவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். பெட்ரோலுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தேன். பெரியவருக்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை. அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிஸ்கட். அன்றைக்கு மொத்தம் இருநூற்றுச் சொச்சம். இதில் ரசீது இருந்தது மினி பஸ் டிக்கெட்டுக்கு மட்டும், அதுவும் வேர்வையில் எழுத்து அழிந்துபோனது. கணக்குப் பிரிவில் "வெற்றிலை பாக்குக்கெல்லாம் எந்தத் தலைப்பில் சார் போடுவது?" என்று சிரித்தார்கள். அந்தப் பெரியவர் சொன்னது தீசிஸில் பதினொரு பக்கம்.

அன்றிலிருந்து நான் ஒரு வழி வைத்துக்கொண்டேன், மாணவர்களுக்கும் அதையே சொல்கிறேன். ரசீது கிடைக்கும் செலவை எல்லாம் கன்டின்ஜென்சியில் போடுங்கள்: புத்தகம், காப்பகத்தில் நகல் எடுத்த கட்டணம், ரயில் டிக்கெட், அச்சடிப்பு. ரசீது கிடைக்காத செலவுக்கு மாதத் தொகையிலிருந்து தனியாக ஒரு ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ எடுத்து வையுங்கள். கள்ள பில் வாங்காதீர்கள். "எல்லாரும் செய்றதுதான்" என்று சீனியர்கள் கடை பெயரே சொல்லித் தருவார்கள். ஐந்து வருடம் கழித்து ஆடிட் ஆட்சேபணை வந்தால் அந்தச் சீனியர் இருக்க மாட்டார், உங்கள் கையெழுத்து இருக்கும்.

இனி பணம் வரும் விதம். விண்ணப்பக் கையேட்டில் இருக்கும் 37,000 ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி வந்து விழும் என்று நினைத்து வீட்டு வாடகையோ சீட்டோ கட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் இந்த உதவித்தொகை ஆதாரோடு இணைந்த உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. ஆனால் அதற்கு முன் உங்கள் பல்கலைக்கழகம் இணையதளத்தில் "இவர் இந்த மாதமும் ஆய்வில் தொடர்கிறார்" என்று உறுதி செய்ய வேண்டும். ஒருவர் பதிவேற்ற வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். மேக்கர், செக்கர் என்பார்கள். இருவரில் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு லீவில் போனால் அந்த மாதம் உங்களுக்குப் பணம் இல்லை. ஒரு மாதம் விட்டது அடுத்த மாதம் அரியராக வரும், சில நேரம் அதுவும் இழுக்கும். இது நடைமுறைத் தாமதம். இதற்கு மேல் நிதி ஒதுக்கீடே தாமதமாகும் காலமும் உண்டு. அப்போது நாடு முழுக்க ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள்.

என் முதல் தொகை ஏழு மாதம் கழித்து வந்தது. அந்த ஏழு மாதத்தில் மெஸ் பாக்கி ஏறியது, நண்பர்களிடம் கைமாற்று ஏறியது. அம்மா நகையை அடகு வைத்தது எனக்கே பிறகுதான் தெரியும். வந்தபோது மொத்தமாக லட்சத்துக்கு மேல் வந்தது. ஒரு வாரத்தில் கடன் தீர்ந்து, கையில் பழைய மாதிரியே ஒன்றும் இல்லை. அந்தத் தொகை ஆய்வுக்கு வந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை, ஏற்கெனவே வாழ்ந்து முடித்த மாதங்களுக்கு வந்தது போல இருந்தது.

அதனால் வீட்டுக்கு அனுப்புவது பற்றி: அனுப்பலாம், ஆனால் முதல் ஆறு மாதம் எதுவும் வாக்குக் கொடுக்காதீர்கள். விடுதியில் தங்கி அளவாக இருந்தால் 37,000இல் மாதம் பத்துப் பன்னிரண்டாயிரம் மிச்சம் பிடிப்பது முடியாத காரியம் இல்லை. முதலில் வரும் மிச்சத்தை அப்படியே வங்கியில் போட்டு, நான்கைந்து மாதச் செலவுக்கு ஒரு கையிருப்பு உண்டாக்குங்கள். அதன் பிறகு மாதம் ஒரு நிலையான தொகையை வீட்டுக்கு அனுப்புங்கள், சின்னதாக இருந்தாலும் சரி. ஒரு மாதம் இருபதாயிரம், அடுத்த மூன்று மாதம் ஒன்றுமில்லை என்றால் வீட்டில் "படிப்பு என்னாச்சு?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மாதாமாதம் ஐயாயிரம் வந்தால் ஊரில் நாலு பேரிடம் "பொண்ணு ரிசர்ச் பண்ணுது, சம்பளம் தர்றாங்க" என்று அப்பாவே சொல்வார்.

இன்னொன்று: இந்தத் தொகைக்கு அகவிலைப்படி கிடையாது. விலைவாசி ஏறினாலும் அப்படியே நிற்கும். 2010இல் 16,000, 2014 கடைசியில் 25,000, 2019இல் 31,000, 2023இல் 37,000. நடுவில் உள்ள இடைவெளிகளைப் பாருங்கள். ஏறும் முன்னெல்லாம் ஆய்வாளர்கள் டெல்லியில் சாலையில் உட்கார வேண்டியிருந்தது. ஆக, நீங்கள் முடிக்கும் ஆண்டில் 42,000 என்பது இன்றைய 42,000 ஆக இருக்காது.

ஐந்தாண்டுக் கணக்குக்கு வருகிறேன். பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு ஆண்டு முடிந்ததும் ஜே.ஆர்.எஃப். தானாக எஸ்.ஆர்.எஃப். ஆகிவிடாது. நெறியாளர், துறைத் தலைவர், வெளியிலிருந்து ஒரு நிபுணர் கொண்ட குழு உங்கள் வேலையைப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். நியாயமாக வேலை செய்தவரைப் பெரும்பாலும் நிறுத்துவதில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தைக் கூட்டுவதே ஒரு வேலை. வெளி நிபுணருக்குத் தேதி ஒத்துவராமல் மூன்று மாதம் தள்ளிப்போய், அந்த மூன்று மாதமும் பழைய தொகையிலேயே இருந்தவர்கள் உண்டு. இருபதாவது மாதத்திலேயே நெறியாளரிடம் நினைவுபடுத்த ஆரம்பியுங்கள். "என்னம்மா இவ்வளவு அவசரம்?" என்று கேட்பார். கேட்கட்டும்.

முடிவில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தீசிஸ் சமர்ப்பித்த நாளோடு உதவித்தொகை நின்றுவிடும். ஆனால் பட்டம் அன்றைக்கு வராது. தீசிஸ் தேர்வாளர்களுக்குப் போக வேண்டும், அவர்கள் படித்து அறிக்கை அனுப்ப வேண்டும், பிறகு வைவா என்ற வாய்மொழித் தேர்வு. ஆறு மாதம் சாதாரணம், ஒரு வருடம் ஆவதும் உண்டு. இந்தக் காலத்தில் பணமும் இல்லை, பெயருக்கு முன்னால் முனைவரும் இல்லை. இதனாலேயே பலர் தீசிஸை முடித்து வைத்துக்கொண்டு ஐந்தாம் ஆண்டின் கடைசி மாதம் வரை சமர்ப்பிக்காமல் இருக்கிறார்கள். சீக்கிரம் முடிக்கிறவருக்கு வருமானம் போகிறது, இழுப்பவருக்குத் தொடர்கிறது. விதி எழுதியவர்கள் இதை யோசிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். நான் என் மாணவர்களிடம் "இழுக்காதே" என்று சொல்வதில்லை. அந்த மாதங்களில் ஒரு கட்டுரையைச் செம்மைப்படுத்தி நல்ல ஆய்விதழுக்கு அனுப்பச் சொல்கிறேன். 2022 யு.ஜி.சி. விதிகளில் தீசிஸுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் வேலைக்கு நேர்காணல் போகும்போது அது உதவும்.

கல்யாணம் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் எனக்குச் சொல்ல உரிமை இல்லை. விதியை மட்டும் சொல்கிறேன். பிஎச்.டி. காலத்தில் பெண்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள் வரை உண்டு. மகப்பேறு விடுப்பில் உதவித்தொகை முழுதாகத் தொடரும். பிஎச்.டி.க்கு அதிகபட்சம் ஆறு ஆண்டு, மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு தரலாம். ஆனால் உதவித்தொகையின் ஐந்து ஆண்டு இதோடு சேர்ந்து நீளாது. பதிவு உயிரோடு இருக்கும், பணம் தீர்ந்திருக்கும். கல்யாணம் எப்போது என்று பேசும்போது இந்த இரண்டு கடிகாரத்தையும் மனதில் வைத்துப் பேசுங்கள்.

நெறியாளர் விஷயத்தில் உங்கள் கை இப்போது ஓங்கியிருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். ஜே.ஆர்.எஃப். உள்ளவருக்கு நேர்காணல் மட்டுமே, தனி நுழைவுத் தேர்வு வேண்டாம். உங்களைச் சேர்த்துக்கொள்ள ஆட்கள் முன்வருவார்கள். முதலில் கூப்பிட்டவரிடம் போய் நிற்காதீர்கள். அவரிடம் இப்போது படிக்கும் இரண்டு பேரைத் தனியாகப் பார்த்து, மாதாந்தரக் கையெழுத்து எத்தனை நாளில் கிடைக்கிறது என்று கேளுங்கள். சிரிக்காதீர்கள், முக்கியமான கேள்வி இது. தொடர்ச்சிச் சான்றில் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் வராது. அந்தக் கையெழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு மகன் டியூஷனுக்கும் கருத்தரங்கச் சாப்பாட்டு ஏற்பாட்டுக்கும் மாணவர்களை ஓட விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாரம் நாலைந்து மணி நேரம் வகுப்பெடுக்கச் சொன்னால் அது முறையானது, விதியிலேயே இருக்கிறது, உங்களுக்கும் நல்லது. வீட்டு வேலை சொன்னால் முறையில்லை.

ஜே.ஆர்.எஃப். கிடைக்காத உங்கள் நண்பர்களுக்காக இரண்டு வார்த்தை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தனித்தனி தேசிய உதவித்தொகைகள் இருக்கின்றன, தொகை இதேதான். சிறுபான்மையினருக்கு 2009 முதல் இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022-23இலிருந்து புதிதாகத் தருவதை நிறுத்திவிட்டார்கள். மற்ற திட்டங்களோடு மேற்பொருந்துகிறது என்று காரணம் சொன்னார்கள். அதை நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. சமூக அறிவியலுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்ற இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு தருகிறது. தமிழ்நாடு அரசு முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வு நடத்தியது. ஆதிதிராவிடர் முழுநேர ஆய்வாளர்களுக்கு மாநில அரசின் ஊக்கத்தொகையும் உண்டு. இவற்றில் ஒரே நேரத்தில் இரண்டு வாங்க முடியாது.

ஏற்றத்தாழ்வையும் சொல்லியாக வேண்டும். ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. போன்ற இடங்களுக்கான பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை 70,000இல் தொடங்கி 80,000 வரை போகிறது, ஆண்டுக்கு 2 லட்சம் ஆய்வு நிதி தனி. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாமல் சேர்ந்த பிஎச்.டி. மாணவருக்கு யு.ஜி.சி. தருவது மாதம் 8,000. பல ஆண்டுகளாக அதே 8,000. அதையும் 2015இல் நிறுத்தப்போகிறோம் என்றார்கள், மாணவர்கள் யு.ஜி.சி. அலுவலக வாசலில் வாரக்கணக்கில் உட்கார்ந்ததால் தொடர்கிறது. 80,000க்கும் 8,000க்கும் நடுவில் இருப்பவர்களுடைய மூளையில் பத்து மடங்கு வித்தியாசம் இல்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களில் எந்தத் தொகையும் இல்லாமல், தானே கட்டணமும் கட்டி ஆய்வு செய்கிறவர்கள்தான் கூட்டத்தில் பெரும்பான்மை. உங்கள் துறையிலேயே அவர்கள் இருப்பார்கள். டீக்கடையில் பில் வரும்போது கொஞ்சம் முந்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் அப்பாவின் உண்மையான கேள்வி: ஐந்து வருடம் கழித்து வேலை நிச்சயமா? நிச்சயம் இல்லை. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் என்று 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது, தேர்வு தேதி தள்ளித் தள்ளிப் போனது. இப்படித்தான் இருக்கும். ஆனால் நெட் தேர்ச்சி என்பது உதவிப் பேராசிரியர் தகுதியும்தான், அது காலாவதி ஆகாது. ஜே.ஆர்.எஃப். கடிதம் காலாவதி ஆகும். வழங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பிஎச்.டி.யில் சேர்ந்து தொகையைத் தொடங்கிவிட வேண்டும். வேலை ஒன்று கிடைத்தால் ஓரிரு ஆண்டு பார்த்துவிட்டு வரலாம் என்ற வழி உங்களுக்கு அதுவரை திறந்திருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் காத்திருக்க மாட்டேன். அது என் குணம்.

சேர்ந்தால் முதல் நாளே ஒரு காரியம் செய்யுங்கள். சேருகை அறிக்கையை நெறியாளர், துறைத் தலைவர் கையெழுத்தோடு பதிவாளர் அலுவலகத்தில் நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். "வெச்சுட்டுப் போங்க" என்பார்கள். போகாதீர்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள். என்னுடையது ஒரு மேஜை இழுப்பறையில் நான்கு மாதம் கிடந்தது. அந்த ஏழு மாதத்தில் நான்கு அப்படிப் போனதுதான்.